தழும்புக்கு மேலே போன ஊசி

கல்யாண வீடுகளில் மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடும்போதுதான் என் தோளின் விஷயம் சபைக்குத் தெரியவரும். மணமக்களின் பாதம், முழங்கால், தோள்வரைக்கும் என் இரண்டு கைகளும் ஒன்றாகப் போகும். தலைக்கு என்று வரும்போது இடது கை பாதி வழியில் நின்றுவிடும். வலது கை மட்டும் தனியாகப் போய் அரிசியைப் போட்டுவிட்டு வரும். பிறகு சாப்பாட்டு மேசையில் யாராவது கைக்கு என்ன என்று விசாரிப்பார்கள். தடுப்பூசியால் வந்தது என்றால் நம்புகிறவர்கள் குறைவு. அதற்கு அரசாங்கம் நட்டஈடு தந்தது என்றால் நம்புகிறவர்கள் இன்னும் குறைவு, ஆனால் கதிரையை இழுத்துப்போட்டுக் கேட்கிறவர்கள் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன்.

எல்லாம் ஒரு டின் மீனில் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மாசி மாதம், வெளிப்படிகளில் பனி இறுகிக் கிடந்த காலம். மொன்றியலின் வில்லரே பகுதியில் ஒரு மூன்று மாடி வீட்டின் நடு மாடியில் நானும் கணவரும் மகளும் இருந்தோம். மேல் மாடியில் அக்காவும் அத்தானும். டின்னைத் திறக்கும்போது தகர மூடி என் வலது பெருவிரலை ஆழமாக வெட்டிவிட்டது. அயலிலுள்ள சுகாதார நிலையத்தில் காயத்தைத் தைத்தார்கள். கடைசியாக ஏற்பு ஊசி எப்போது போட்டது என்று தாதி கேட்டாள். தகரமோ ஆணியோ கிழித்தால் வரக்கூடிய ஏற்பு நோய்க்கான தடுப்பூசி அது. எனக்கு ஞாபகமில்லை. அப்படியென்றால் இப்போதே போட்டுவிடுவோம் என்றாள்.

கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். உள்ளே குளிருக்கு இறுக்கமான நீளக்கைச் சட்டை ஒன்று. அதன் கையை மேலே சுருட்ட முடியாது, முழுவதும் கழற்றினால்தான் உண்டு. மறைப்புத் திரையோ பாதியில் நின்றது, அந்தப் பக்கம் ஒரு ஆள் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, இரண்டு சட்டைகளின் கழுத்தையும் சேர்த்து இடது தோள் பக்கம் இழுத்துப் பிடித்தேன். அவளுக்கும் அவசரம். தெரிந்த இடத்தைத் துடைத்தாள், குத்தினாள், பிளாஸ்டர் ஒட்டினாள். ஊசி எலும்பில் தட்டியதுபோல் சுருக்கென்றது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிரவே தோள் கனத்தது. ஊசி போட்டால் நோகும்தானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் கை எழும்பவில்லை. காற்றுப் பிடித்திருக்கிறது என்று அக்கா எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வலி கூடியது. அடுத்த நாள் காய்ச்சலும் வந்தது. இவர் வேலைக்குப் போகாமல் என்னை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். 'இவர்' என்று நான் எழுதுவது என் கணவரை. அவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார், லீவு கேட்பது அங்கே லேசான காரியமல்ல.

காத்திருக்கும் அறையில் காலையில் உட்கார்ந்து மாலையில்தான் உள்ளே போனோம். எனக்கு ஒரு குணம், பயம் வந்தால் சுற்றியிருப்பதைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். யார் எதற்காக வந்திருப்பார்கள் என்று மனதுக்குள் ஊகித்துக்கொண்டிருந்தேன். காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பனியில் விழுந்தவர், வாளியோடு இருந்த பெண் கர்ப்பிணி. என்னைப் பார்ப்பவர்கள் என்ன ஊகிப்பார்கள் என்றும் யோசித்தேன். கையில் வெளிக்காயம் ஒன்றும் இல்லை, பெருவிரலில் மட்டும் கட்டு. பெருவிரல்காரி ஏன் தோளைப் பிடித்து அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம் என்று படுக்கையில் போட்டுவிட்டார்கள். கிருமி போயிருந்தால் மூட்டையே தின்றுவிடுமாம். அதை அறிய நீண்ட ஊசியால் தோளுக்குள்ளிருந்து நீர் எடுத்து, அதைக் கிண்ணத்தில் வளரவிட்டுப் பார்க்கவேண்டும். வளர்வதற்குச் சில நாட்கள் எடுக்கும், அதுவரை நரம்பு வழியாக மருந்து. எடுத்த நீரை எனக்குக் காட்டச் சொல்லிக் கேட்டேன். இளம் டொக்டர் சிரித்துக்கொண்டு குழாயைத் தூக்கிக் காட்டினார். கலங்கிய மஞ்சள் நிறத்தில் கொஞ்சம். என் உடம்புக்குள் இப்படி ஒரு நீர் இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் மதாம் ஜிசேல் என்று ஒரு கியூபெக்காரி, பனியில் சறுக்கி இடுப்பை உடைத்தவர். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. என்றாலும் பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு மணிப் பொத்தானை எட்ட முடியாவிட்டால் அவர் தன்னுடையதை அழுத்துவார். தாதி அவரிடம் வந்து என்ன வேண்டும் என்று கேட்க, அவர் என்னைக் காட்டுவார். இவர் வேலைக்குப் போகும் வழியில் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொண்டுவருவார். மதாம் ஜிசேல் வாசம் பிடித்து, ஒரு கரண்டி கேட்டு, பிறகு நாளாந்தம் எதிர்பார்க்கத் தொடங்கினார்.

அங்கேதான் தலைமுடிப் பிரச்சினை வந்தது. ஒற்றைக் கையால் பின்னலோ கொண்டையோ போட முடியாது. எனக்கு இடுப்புவரை முடி, படுத்துப் படுத்துச் சடைபிடித்துவிட்டது. ஒரு நாள் இவர் சீப்பை எடுத்தார். வெங்காயம் நறுக்கிப் பழகிய கை, முடியை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறியது. மதாம் ஜிசேல் படுத்தபடியே கட்டளை போடத் தொடங்கினார். மூன்றாகப் பிரி, இடது, நடு, வலது, இறுக்காதே என்று பிரெஞ்சில். இவருக்கு அதில் பாதிதான் விளங்கியது. முதல் பின்னல் என் காதுக்குப் பக்கத்தில் முளைத்தது. மதாம் ஜிசேல் இடுப்பு நோக நோகச் சிரித்தார். நானும் சிரித்தேன், தோள் நொந்தது.

கிருமி எதுவும் வளரவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் கை வரவில்லை. கோடை வந்தபோது இடது கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது, முதுகுப் பக்கம் போகாது. உறைந்த தோள் என்று பெயர் சொன்னார்கள். மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்துச் சுருங்கி, மூட்டை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வது. ஏன் வந்தது என்று கேட்டேன். உங்கள் வேலையால் இருக்கலாம் என்றார்கள். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் நான் பெட்டி அடுக்குகிறவள். ஊசி போட்ட அன்றுவரை ஒரு வலியும் இல்லாமல் அடுக்கினேனே, ஒரே இரவில் வேலை எப்படித் தோளைப் பிடித்தது? எனக்கு அந்தக் கேள்வி பல்லிடுக்கில் போன நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

கையை அசைக்கப் பயிற்சி தந்த பெண்தான் முதலில் சொன்னாள், தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கியூபெக்கில் ஒரு நட்டஈட்டுத் திட்டம் இருக்கிறது என்று. மூன்று டொக்டர்கள் கூடிப் பார்ப்பார்கள். ஒருவரை சுகாதார அமைச்சு தெரிவுசெய்யும், ஒருவரை நாங்கள், மூன்றாமவரை அந்த இருவரும் சேர்ந்து. ஊசிதான் காரணம் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால், வேலைக்குப் போக முடியாத காலத்துச் சம்பளமும் வைத்தியச் செலவும் கிடைக்கும். ஏற்காவிட்டால் ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் என் இடத்தை இனியும் வைத்திருக்க முடியாது என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசை, வெளியே போனால் கைக்காசு. இவர் இரண்டு உணவகங்களில் வேலை செய்து முகம் வற்றிப்போயிருந்தார். அந்த மூன்று பேருடைய வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் எங்கள் வீடு தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் முதலில் வந்தவர். அவருடைய அகதி விசாரணையில், கேளாத ஒரு விஷயத்தைத் தானாகச் சொல்லப்போய், அதைப் பிடித்துக் குடைந்து வழக்கை நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீட்டில் வெல்வதற்குள் அவருக்கு அரை உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் விசாரணைக்குப் போகிற எல்லோரும் முதலில் லோயரிடம் போவார்கள், பிறகு அத்தானிடம் வருவார்கள். அவர் கதையைக் கேட்டு, கழிக்கவேண்டியதைக் கழித்து, பாடமாக்கித் தருவார். நானும் இவரும் அப்படிப் பாடமாக்கித்தான் இந்த நாட்டில் இருக்கிறோம். ஆகவே நட்டஈட்டுக்கு விண்ணப்பித்து, டொக்டர் குழுவின் முன் போகவேண்டும் என்று தெரிந்ததும், எதையும் யோசிக்காமல் மேல் மாடிக்கு ஏறினோம்.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டார். சட்டைக் கழுத்தை இழுத்துப் பிடித்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உந்தக் கதையை அங்க சொல்லாதேயும். அவள் கழட்டச் சொன்னவள், நீர் மாட்டன் எண்டனீர். பேந்து பிழை முழுக்க உம்மட தலையிலதான் வந்து விழும். இடது தோளில போட்டது, அவ்வளவுதான். கேட்டதுக்கு மட்டும் பதில்."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. இவருக்கும்தான். அந்தக் கதையிலிருந்து சட்டையைக் கழித்துவிட்டோம்.

எங்கள் பக்கத்து டொக்டராக யாரைத் தெரிவுசெய்வது என்பதிலும் அத்தானுக்கு ஒரே பதில்தான், தமிழ் டொக்டர். கோயிலில் அறிமுகமான டொக்டர் வசந்தா, தமிழ்நாட்டுக்காரர், மொன்றியலில் நீண்ட காலம் இருப்பவர். ஆனால் குழந்தை வைத்தியர். தோளுக்குக் குழந்தை வைத்தியரா என்று அக்காவே கேலி செய்தாள். எங்களுக்கு வேறு தமிழ் டொக்டரைத் தெரியாது. தொலைபேசியில் கேட்டபோது அவர் சம்மதித்தார், ஆனால் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நான் உங்க வக்கீல் இல்லம்மா. எனக்கு என்ன தோணுதோ அதத்தான் சொல்லுவேன்."

இதை அத்தானிடம் சொன்னதும் அவருக்கு முகம் கறுத்தது. ஆனால் பெயரைக் கொடுத்தாயிற்று.

குழு கூடிய அறைக்குள் போனதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். மொழிபெயர்ப்பாளராக அங்கே உட்கார்ந்திருந்தவர், எங்கள் அகதி விசாரணையில் மொழிபெயர்த்த அதே மனிதர். அவருக்கு என்னை ஞாபகமில்லை, எனக்கு அவருடைய மூக்குக்கண்ணாடிகூட ஞாபகம். நான் இருப்பது ஆஸ்பத்திரிக் கட்டடம் என்பதே மறந்துபோயிற்று. முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டி, பாடமாக்கியதை வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தானும் இவரும் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

அமைச்சின் டொக்டர் உயரமான, மரியாதையான மனிதர். பெட்டிகளை எவ்வளவு உயரத்துக்குத் தூக்குவீர்கள், ஒரு பெட்டி எவ்வளவு பாரம், முன்பு தோள் நொந்ததா என்றெல்லாம் கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். ஊசி எங்கே போட்டார்கள் என்றார். இடது தோளில் என்றேன். தாதியின் பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது, எல்லாம் வழமைபோல் நடந்திருக்கிறது என்று மற்ற இருவரிடமும் சொன்னார். தசைக்குள் போட்ட ஊசி ஓரிரு நாள் நோகும், மூட்டை உறையவைக்காது, நாளாந்தம் பாரம் தூக்குகிறவருக்கு இது வேறு வழியில் வந்திருக்கவேண்டும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்ன கதையை வைத்துப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் பட்டது. மூன்றாமவரான வயதான எலும்பு டொக்டரும் தலையசைத்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் டொக்டர் வசந்தா முதல் தடவையாக வாயைத் திறந்தார். தமிழில் கேட்டார்.

"அன்னிக்கு என்ன டிரெஸ் போட்டிருந்தீங்க?"

"சுவெற்றர். உள்ளுக்கு நீளக்கைச் சட்டை."

"கழட்டினீங்களா?"

இது கேட்ட கேள்விதான், அத்தானின் சட்டப்படியே பதில் சொல்லவேண்டும். ஆனால் சொன்னால் தாதி கழற்றச் சொன்னதும் பின்னாலேயே வந்துவிடும். கதவுக்கு வெளியே அத்தான் இருமுவது கேட்டது. பயத்தோடு சேர்ந்து என் பழைய குணமும் எழும்பியது. இந்தப் பெண் எதற்காக என் சட்டையைப் பற்றிக் கேட்கிறார்? குழந்தைகளுக்கு நாள் முழுக்க ஊசி போடுகிறவருக்கு என் சட்டையில் என்ன தெரிகிறது? எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக முடியாது போலிருந்தது. நட்டஈடு போனாலும் போகட்டும், என் கைக்கு என்ன நடந்தது என்று ஒருவராவது சொல்லட்டும்.

வாயால் சொல்லவில்லை. வலது கையால் சட்டைக் கழுத்தைப் பிடித்து, அன்றைக்கு இழுத்ததுபோலவே இடது தோள் பக்கம் இழுத்துக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்க ஒன்றும் கிடைக்காமல் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவுதான் தெரிஞ்சுதா? இன்னும் கீழ இறங்கலையா?"

"இல்லை டொக்டர். அம்மை குத்தின தழும்பு வெளியில வரேல்லை. அது எனக்கு நல்லாத் தெரியும்."

அது எப்படி நல்லாகத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். கேளாததைச் சொன்னது அன்றைக்குத்தான். சின்ன வயதில் பெரியம்மைக்குக் குத்தியது பழுத்து, ஐம்பது சத நாணயக் குத்தி அளவுக்கு ஒரு தழும்பு என் இடது மேல்கையில். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். அன்றிலிருந்து எந்தச் சட்டை தைத்தாலும் அது மறையும்படிதான் கை வைப்பேன். அன்றைக்கும் கழுத்தை இழுக்கும்போது அது தெரியாமல் பார்த்துத்தான் இழுத்தேன். ஊசி போனது அதற்கு மேலே, எலும்பு முடிகிற இடத்துக்குக் கிட்ட.

எலும்பு டொக்டர் எழுந்து வந்தார். தழும்பைக் காட்டச் சொன்னார், அதற்கு மேலே எந்த இடம் என்று கேட்டார். நான் விரலை வைத்த இடத்தில் தன் பெருவிரலை வைத்து அழுத்தினார். நான் கதிரையிலிருந்து துள்ளினேன். பிறகு மூன்று பேரும் பிரெஞ்சில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். டொக்டர் வசந்தா எனக்காகத் தமிழில் சொன்னார்.

"ஊசி போட வேண்டியது அந்தத் தழும்பு இருக்கிற எடத்துல, அங்கதான் சதை இருக்கு. நீங்க காட்டின எடத்துல சதை மெல்லிசு. அடியில மூட்டு உராயாம இருக்க ஒரு நீர்ப்பை இருக்கு. மருந்து அதுக்குள்ள போயிருக்கணும். குளிர் நாள்ல அம்மாமாரும் இப்படித்தான் குழந்தை சட்டையக் கழுத்துப் பக்கம் இழுத்துக் காட்டுவாங்க. நான் ஊசியக் கீழ வெச்சிடுவேன்."

அத்தான் பயந்த கேள்வி கடைசியில் வந்தது. அமைச்சின் டொக்டர், தாதி சட்டையைக் கழற்றச் சொன்னாளா என்று கேட்டார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது.

"ஓம், சொன்னவ. நான்தான் மாட்டன் எண்டனான்."

அவர் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, பேனையை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லாக எனக்குத் தந்தார். யாருடைய பிழை என்று இந்த அறையில் எவரும் கேட்கவில்லை மதாம், உங்கள் பிழையும் இல்லை, அவளுடைய பிழையும் இல்லை, ஊசிதான் செய்ததா என்பது மட்டும்தான் எங்கள் கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த நாட்டில் ஒரு மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பிழை யாருடையது என்று தேடாத கேள்வியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

இலையுதிர் காலத்தில் முடிவு வந்தது. மகள் வாசித்துச் சொன்னாள், மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள், ஊசிதான். இவர் இரண்டாவது உணவக வேலையை விட்டுவிட்டு வந்து, அன்று முழுவதும் நித்திரை கொண்டார். மயக்க மருந்து தந்து, இறுகிய மூட்டை டொக்டரே அசைத்து விடுவிக்கும் சிகிச்சையும் செய்தார்கள். தொடர்ந்து பயிற்சி. கை நெஞ்சைத் தாண்டியது, தோளுக்கு வந்தது, காதுக்குக் கிட்ட வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் இனிப் போகாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டி அடுக்க முடியாது, லேபிள் சரிபார்க்கிற வேலைக்கு மாறினேன்.

அத்தான் கொஞ்ச நாள் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவரே படியிறங்கி வந்தார். குளிர்காலச் சளிக்காய்ச்சல் ஊசி போடப் போகவேண்டுமாம், என்ன சட்டை போட்டுக்கொண்டு போவது என்று கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். கைகளைச் சுருட்டக்கூடிய சட்டை என்றேன்.

ஒன்றை மட்டும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். கல்யாண வீட்டில் யாரும் இதைக் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் தொடங்கியதிலிருந்து இவர்தான் எனக்குத் தலை பின்னிவிடுகிறார், வேலைக்குப் போவதற்கு முன், சமையலறைக் கதிரையில் என்னை இருத்தி. மதாம் ஜிசேலின் கட்டளைகளை இன்னும் பிரெஞ்சில் தனக்குள் சொல்லிக்கொண்டு பின்னுவார். இப்போது பின்னல் நேராகவே வருகிறது. என் கை அறுகரிசி போட உயராதே தவிர, குனிந்துகொண்டால் பிடரிக்குப் போய்ச் சேருகிறது, நானே பின்னிக்கொள்ளலாம். போன வருடத்திலிருந்தே போகிறது. இவர் இன்னும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.